பதினான்கு அங்குலக் கரை

மனிதர்களில் கம்பளக் காவலர் என்றொரு வகை உண்டு. நீங்களும் கண்டிருப்பீர்கள். கதவைத் திறந்ததும் மற்ற மனிதர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் உங்கள் காலைப் பார்ப்பார். "வாங்கோ, வாங்கோ" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் உங்கள் பெருவிரலில் தொடங்கிக் குதிக்கால் வரை ஒரு சுற்றுப் போய், நீங்கள் எந்த ஒழுங்கையால் வந்தீர்கள், அங்கே மழைத்தண்ணீர் நின்றதா, வழியில் நாய் ஏதும் திரிந்ததா என்பதையெல்லாம் கணித்து முடித்துவிடும். சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். காலின் சுகம் முதலில்.

இவரைப் பணக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். பணக்காரர் கம்பளத்தை மிதிப்பார். அவருக்கு அது நிலம். கம்பளக் காவலர் வாழ்நாளில் ஒரே ஒரு கம்பளம் வாங்கியவர். அதுவும் மயிலும் மாங்காயும் போட்ட பழைய மாதிரிக் கம்பளமல்ல. ஒரு டிசைனர் இவருடைய வீட்டுப் படங்களை வாங்கி, சுவரின் நிறம் பார்த்து, யன்னலால் வரும் வெளிச்சம் பார்த்து, யோசித்து வரைந்து, இவருக்கென்றே செய்வித்தது. உலகத்தில் இதைப்போல இன்னொன்று இல்லை. இல்லை என்பதை முதல் பத்து நிமிடத்துக்குள் மூன்று தரம் சொல்லுவார். "இது கன்டெம்பரரி" என்பார். அப்படியென்றால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். தேநீர் ஆறிவிடும்.

என்னிடம் ஒரு கம்பளக் காவலர் இருக்கிறார். வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில், என் கதவுக்கு எதிர்க் கதவு. பெயர் நாகேந்திரம். ஓய்வுபெற்ற பொறியியலாளர். அவரை நான் அருகிலிருந்து அவதானித்து ஒரு மலிவுக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். தெமட்டகொடை ரயில் யார்டில் முப்பத்தாறு வருடம் பெட்டிகளின் இலக்கம் எழுதியவன் நான். எந்தப் பெட்டி எத்தனை மணிக்கு எந்தப் பாதையில் வந்து நின்றது என்று எழுதிப் பழகிய கை, பெட்டிகள் இல்லாமல் போனால் சும்மா இருக்குமா? எதிர்வீட்டை எழுதத் தொடங்கிவிட்டது. ஆகவே இங்கே வரும் எண்களை நீங்கள் நம்பலாம்.

நாகேந்திரத்தின் கம்பளம் பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம். அவருடைய ஹோல், அதாவது முன்னறை, பதினாலு அடி நாலு அங்குலம் நீளம், பதினொரு அடி நாலு அங்குலம் அகலம். கழித்துப் பாருங்கள். நாலு பக்கமும் பதினான்கு அங்குலம் தரை மிஞ்சும். அந்தப் பதினான்கு அங்குலத்தில்தான் ஒரு குடும்பம் வாழ்கிறது.

இது எப்படி நேர்ந்தது? கடற்காற்றுக்குச் சுவர் பொருக்கு விட்டதால் 2024 ஜூனில் வீட்டுக்குப் பெயின்ற் அடித்தார்கள். செற்றி, கதிரை, மேசை, கண்ணாடி அலுமாரி எல்லாம் படுக்கையறைகளுக்குள் போயின. அந்த வாரம் ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, வெறுமையாகக் கிடந்த ஹோலைக் கண்டு நாகேந்திரம் பூரித்துப்போய் அளவெடுத்தார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவன் நான். அளவு துல்லியமான அளவு. இன்றைக்கும் அதில் கால் அங்குலப் பிழை காட்டமுடியாது.

டிசைனர் ஐறீன், கொட்டாஞ்சேனைப் பிள்ளை. நல்ல கெட்டிக்காரி. போனில் கேட்டாள், "அங்கிள், ஃபர்னிச்சர் எல்லாம் எங்க எங்க வரும்?"

நாகேந்திரம் சுற்றிப் பார்த்தார். "ஃபர்னிச்சரோ? ஹோலில ஒண்டும் இல்லைப் பிள்ளை."

"ஒண்டுமே இல்லையா?"

"ஒரு கதிரைகூட இல்லை."

ஐறீன் பிறகு என்னிடம் சொன்னாள்: வெள்ளவத்தையில் ஹோலுக்குள் ஒரு கதிரைகூட வைக்காமல் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சந்தித்ததில் அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லையாம். அவர்கள் பெரிய ரசிகர்கள் என்று நினைத்துச் சுவரிலிருந்து சுவர்வரை கற்பனையை விரித்துவிட்டாள்.

செப்டெம்பர் பதினாலாம் திகதி கம்பளம் வந்தது. வாடகைக்குப் பிடித்த லொறி, மற்ற நாட்களில் பேலியகொடையிலிருந்து மீன் ஏற்றுகிற லொறி. சுருட்டிய கம்பளம் லிஃப்டுக்குள் போகவில்லை. ஏழு பேர் தோளில் வைத்துப் படியால் ஏற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்தவர்கள் முதலில் தலையைக் குனிந்து மௌனமாக நின்றார்கள். பிறகு மீன்வாசம் வந்ததும் குழம்பிப்போனார்கள். அந்த அறக்குளா மீன் வாசம் இருபத்தாறு நாள் நின்றது. "அசல் கம்பளி எண்டால் அப்பிடித்தான் மணக்கும்" என்று நாகேந்திரம் வந்தவர்களுக்கு விளக்கினார். தலையாட்டினார்கள். எங்களில் யாருக்கு அசல் கம்பளியின் மணம் தெரியும்?

விரித்துப் பார்த்தால், உண்மையைச் சொல்லவேண்டும், அழகுதான். சாம்பலும் கடுகு மஞ்சளும் கருநீலமுமாக, நேர்கோடு ஒன்றுகூட இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று வழிந்து ஓடும் வடிவங்கள். வெள்ளவத்தைக் கடல் தண்டவாளத்துக் கல்லில் வந்து மோதித் திரும்பும் நேரத்தை மனதில் வைத்து வரைந்ததாக ஐறீன் சொன்னாள். இழைகள் புல்லைப்போல நிமிர்ந்து நின்றன. கை வைத்தால் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த இடம் நிறம் மாறித் தெரியும்.

"நல்லா நடங்க அங்கிள்" என்றாள் ஐறீன் போகும்போது. "ஆறு மாசம் எல்லாரும் நடந்து, இருந்து, புரண்டு எழும்பினாத்தான் இது முடிஞ்ச மாதிரி."

அதை அவர் ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்.

கம்பளக் காவலரின் முதல் இலக்கணம் இதுதான்: கம்பளம் எதற்கென்று செய்தவளே சொன்னாலும் அவருக்குக் கேட்காது. செற்றியின் காலைக் கம்பளத்தில் வைப்பதா? ஆகவே செற்றி படுக்கையறையிலேயே தங்கிவிட்டது. நாகேந்திரமும் மனைவி அன்னபாக்கியமும் கட்டிலுக்கும் செற்றிக்கும் இடையில் பக்கவாட்டாக நுழைந்து படுத்தார்கள். சாப்பாடு குசினிக்குள், நின்றபடி. தொலைக்காட்சி ஹோலின் அந்தப்பக்கச் சுவரில் இருந்தது. அதைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார்கள். ஹோலைக் கடக்க வேண்டுமானால் முதுகைச் சுவரில் ஒட்டி, கைகளை விரித்து, நண்டு மாதிரிப் பக்கப்பாடாக நகரவேண்டும். இரண்டே மாதத்தில் அந்தக் குடும்பம் காலி வீதியிலும் அப்படியே நடக்கத் தொடங்கியதை நானே கண்டேன்.

நாள்தோறும் காலை ஆறு மணிக்கு நாகேந்திரம் கரையில் குந்தி, மகள் சாருஜா சின்னப்பிள்ளையாக இருந்தபோது பாவித்த சீப்பை ஒரு பிரம்பின் நுனியில் கட்டி, கம்பளத்தின் இழைகளைக் கடற்பக்கம் பார்த்து வாரிவிடுவார். ஒரு நாள் பல்கனியால் ஒரு காகம் உள்ளே வந்து நாலு அடி நடந்துவிட்டுப் போனது. நாலு அடியும் தெளிவாகத் தெரிந்தன. அதை வாரி மறைக்க நாற்பது நிமிடம் பிடித்தது.

"உங்கட அப்பாதான் கார்ப்பெட்டைப் பாக்க வந்திருக்கிறார்" என்றார் அன்னபாக்கியம். அன்று அமாவாசை.

"அப்பாவெண்டாலும் காலைக் கழுவிப்போட்டு வரவேணும்" என்றார் நாகேந்திரம்.

பார்க்க வருபவர்களுக்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கால் கழுவுதல். பிறகு கதவடியில் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று மேலிருந்து பார்த்தல். பிறகு அபிப்பிராயம் சொல்லுதல். இந்த மூன்றாவதில்தான் பலர் தவறினார்கள். அன்னபாக்கியத்துக்கு அதில் குழம்புக்குள் விழுந்த கத்தரிக்காய் தெரிந்தது; அதை அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். எனக்கு மழைநாளில் தெமட்டகொடை யார்ட் தெரிந்தது, ஏழாம் பாதை உட்பட. நான்காம் மாடியில் இருக்கும் அலவி, நல்ல பருமனான மனிதர், ஸ்டூலை நம்பாமல் தரையில் நின்றே பார்த்தார்.

"மிதிக்க ஏலாதா?" என்று கேட்டார்.

"மிதிக்கக்கூடாது."

"அப்ப என்னத்துக்கு நிலத்துல போட்டிருக்கீங்க?"

"அலவி, இது கார்ப்பெட். வேற எங்க போடுறது?"

அலவி என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன்.

இப்படியிருக்க, சாருஜாவுக்குக் கல்யாணம் பொருந்திவந்தது. மாப்பிள்ளை கார்த்திகன், கல்கிசைப் பிள்ளை, டோஹாவில் வேலை. சம்பந்தம் பேச வந்த அன்று வாசலில் வலது காலை எடுத்து வைக்கப்போனவனை நாகேந்திரம் "ஐயோ தம்பி!" என்று கத்தி நிறுத்திவிட்டார். தூக்கிய கால் தூக்கியபடி ஒன்பது விநாடி நின்றது. பிறகு அவனும் கையை விரித்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டான். நல்ல பிள்ளை.

அந்தச் சம்பந்தம் ஏன் நிறைவேறியது தெரியுமா? சாதகம் பொருந்தியதால் என்று ஊர் சொல்லும். நான் பக்கத்தில் நின்றவன். மாப்பிள்ளையின் தகப்பன் தங்கையா ஸ்டூலில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "வடிவான கார்ப்பெட். எங்களிட்டயும் ஒண்டு இருக்கு" என்றார்.

நாகேந்திரத்தின் முகம் இருண்டது. "எங்க விரிச்சிருக்கிறியள்?"

"விரிக்கிறதோ! பழுதாப்போயிடுமெல்லே. பொலித்தீனில சுத்திக் கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கிறம். பன்ரெண்டு வருசம்."

நாகேந்திரம் தங்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலை மனைவியிடம் சொன்னார்: "குடும்பமெண்டால் அது குடும்பம்."

எழுத்துக்கு, அதாவது கல்யாணப் பதிவுக்கு, நாள் வைத்தார்கள். 2025 பெப்ரவரி இரண்டாம் திகதி, ஞாயிறு, காலை 10.12 முதல் 10.54 வரை சுபநேரம். அதைத் தவறவிட முடியாது. பதிவாளர் கஜேந்திரன் பதினொன்றரைக்குக் கொட்டாஞ்சேனையில் இன்னொரு எழுத்துக்கு நிற்கவேண்டும். கார்த்திகன் புதன்கிழமை டோஹாவுக்குத் திரும்பவேண்டும். அன்று கையெழுத்து விழாவிட்டால் அடுத்த லீவு பத்து மாதம் கழித்துத்தான்.

நாகேந்திரம் ஒரு யோசனை சொன்னார். கட்டிடத்தின் கீழ்த்தளம் விசாலமானது, காற்றோட்டமானது.

"கார் நிக்கிற இடத்திலயோ என்னைக் கட்டிக் குடுக்கப்போறியள்?" என்றாள் சாருஜா.

"கார் எல்லாத்தையும் வெளியில எடுக்கச் சொல்லுவம் பிள்ளை."

"அப்பா, நான் நடை பழகினது இந்த ஹோலில. எழுத்தும் இந்த ஹோலிலதான். எல்லாரும் இதுக்குள்ள நிக்கவேணும். ஆராவது ஒராள் வெளியில நிண்டாலும் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

சொன்னால் சொன்னதுதான், அவள் தகப்பனின் மகள். நாகேந்திரம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, கண் சிவக்க, என் கதவைத் தட்டினார்.

"அண்ணை, கரையின்ர சுற்றளவு எவ்வளவு?"

கரையின் நடுக்கோட்டால் நாற்பத்தாறு அடி எட்டு அங்குலம். வருகிறவர்கள் முப்பத்தொரு பேர். ஆளுக்குப் பதினெட்டு அங்குலம். நிற்கலாம்! நான்தான் கணக்குப் போட்டேன், நான்தான் படம் வரைந்தேன், சுவரில் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை இலக்கத் துண்டுகளை ஒட்டியதும் நானே. மறைக்கவில்லை. முப்பத்தாறு வருடம் பெட்டிகளை வரிசையில் நிறுத்தியவனுக்கு மனிதர்களை நிறுத்தக் கிடைத்த சந்தர்ப்பம் அது. மாப்பிள்ளை எட்டு. கிழக்கு நோக்க வேண்டியிருந்ததால் பெண்ணை எதிர்ச்சுவரில் நிறுத்தினோம், இருபத்துநாலு. பதிவாளர் கதவடியில் ஒன்று. அலவி ஐந்து. நான் முப்பது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் கம்பளம், வாரி முடித்து, ஒரு மயிரிழை கலையாமல்.

இரண்டாம் திகதி காலை பத்தே காலுக்கு எல்லாரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பட்டுச்சேலைகள், வேட்டிகள், கழுவிய அறுபத்திரண்டு கால்கள். மின்விசிறியைப் போடவில்லை, இழை கலையும். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து தங்கள் பெருவிரலைக் காவல் காத்தார்கள். பார்த்தீர்களா, இந்த நோய் எவ்வளவு விரைவாகத் தொற்றுகிறது?

"மேசை எங்க?" என்றார் பதிவாளர்.

"மேசை இல்லை. புத்தகத்தை இப்பிடியே கைமாத்தி விடுங்கோ சேர். மாப்பிள்ளையிட்டப் போய், பிறகு பொம்பிளையிட்டப் போய், திரும்பி வரும்" என்றார் நாகேந்திரம்.

"கைமாத்தி விடுறதோ? இது பதிவுப் புத்தகம், தாம்பூலத் தட்டமில்லை. என்ர கையை விட்டுப் போகாது."

"அப்ப நீங்களே ஒருக்கால் சுத்தி வாங்கோ. சுவர் பக்கமா."

கஜேந்திரன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி புறப்பட்டார். பருமனானவர் என்பதைப் படம் வரையும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் இலக்கத்தைக் கடந்தார். மூன்றைக் கடந்தார். நாலாம் இலக்கம் மெலிந்த மனிசி. சுவருக்குள் போய்விட்டார் என்றே சொல்லலாம். ஐந்தில் அலவி நின்றார். 10.31க்கு அரச பதிவாளரின் வயிறும் அலவியின் வயிறும் சந்தித்தன. அதற்கு மேல் எதுவும் அசையவில்லை.

"சேர், மூச்சை உள்ளுக்கு எடுங்க" என்றார் அலவி.

"நான் எடுத்திட்டன். நீங்கள் எடுங்கோ."

"நான் பத்து நிமிசமா எடுத்த மூச்ச இன்னும் விடல்ல சேர்."

"கொஞ்சம் முன்னுக்கு வந்தால்…" என்று யாரோ தொடங்கினார்கள்.

"முன்னுக்கு வரக்கூடாது!" என்றார் நாகேந்திரம்.

10.36. தங்கையா நிலைமையைக் கலகலப்பாக்க எண்ணி, கம்பளத்தின் நடுவிலிருக்கும் மஞ்சள் பகுதி தன் முழங்காலின் எக்ஸ்ரே மாதிரியே இருக்கிறதென்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. 10.40. அலவியின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத்துளி புறப்பட்டு மூக்கு நுனிக்கு வந்து நின்றது. நாகேந்திரம் அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் போகிறது, மகளின் கல்யாணம் பத்து மாதம் தள்ளிப் போகப்போகிறது. அவர் அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ" என்றார் அன்னபாக்கியம், மெல்ல. "நேரம்."

10.43க்குச் சாருஜா ஒரு காலை அசைத்தாள்.

"இருபத்திநாலு அசையக்கூடாது!" என்று கத்தினார் நாகேந்திரம்.

ஹோல் உறைந்தது. கடற்கரைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது.

"அப்பா" என்றாள் சாருஜா. "என்ர பேர் என்ன?"

நாகேந்திரம் வாயைத் திறந்தார். அவருடைய பார்வை மகளின் முகத்துக்கு வந்தது. நூற்று நாற்பத்தொரு நாட்களில் அவர் ஒருவருடைய முகத்தை முதலில் பார்த்ததாக என் கொப்பியில் இருக்கும் ஒரே பதிவு அதுதான். பெயர் வரவில்லை.

சாருஜா சேலைக்கரையை ஒரு கையால் தூக்கினாள். வலது காலைக் கம்பளத்தில் வைத்தாள்.

எங்கள் எல்லாருடைய மூச்சும் ஒன்றாக நின்றது. ஒன்று. இரண்டு. அவள் நடந்த இடமெல்லாம் இழை சாய்ந்து, சாம்பல் நிறத்துக்குள் கருநீலமாக ஒவ்வொரு பாதமும் விழுந்தது. மூன்று. நாலு. ஐந்தாவது அடியில் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

நாகேந்திரம் அவளுடைய பாதங்களைப் பார்த்தார்.

"காலைக் கழுவினனியோ, சாருஜா?"

"ஓம் அப்பா. மூண்டு தரம்."

"அப்ப சரி" என்றார்.

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. எட்டாம் இலக்கம், மன்னிக்கவும், கார்த்திகன், தூக்கிய காலோடு மாமனாரைப் பார்த்தான். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அலவி மூச்சை விட்டார். அந்த மூச்சின் வேகத்தில் பதிவாளர் போத்தல் மூடிபோலக் கழன்று கம்பளத்தின் நடுவே வந்து நின்றார். சாட்சிகளாகத் தங்கையாவும் நானும் போனோம். கம்பளம் எப்படியிருந்தது என்று கேட்கிறீர்களா? மெத்தென்றிருந்தது. அவ்வளவு காலம் எதிர்வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

"எதில வச்சு எழுதுறது?" என்றார் கஜேந்திரன். "எனக்கொரு கெட்டியான தளம் வேணும்." மணி 10.47.

மேசை படுக்கையறையில், செற்றிக்குப் பின்னால், அலுமாரிக்கு அடியில். அதை எடுக்க அரை மணி நேரமாகும். நாகேந்திரம் கம்பளத்தின்மேல் வந்தார். அதுவரை அவரே அதை மிதித்ததில்லை. நடுவில் வந்து, முழங்காலை ஊன்றி, இரண்டு கைகளையும் ஊன்றி, பட்டு வேட்டியோடு நாலு காலில் நின்றார்.

"வையுங்கோ" என்றார்.

பதிவுப் புத்தகத்தை அவருடைய முதுகில் விரித்தார்கள். கார்த்திகன் வைத்தான், சாருஜா வைத்தாள், தங்கையா வைத்தார், நான் வைத்தேன், பதிவாளர் வைத்தார். கடைசிக் கையெழுத்து 10.52. முப்பத்தொரு பேரில் அவரைத் தவிர முப்பது பேரும் கை தட்டினோம். கீழேயிருந்து நாகேந்திரத்தின் குரல் வந்தது. அழுகிறார் என்று நினைத்துக் குனிந்தேன்.

"அண்ணை" என்றார். "ஆரிட்டயாவது சீப்பு இருக்கோ?"

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த வகையைத் தெரியாது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிரம்பும் சீப்புமாகக் கரையில் குந்தினார். என் காலடியை வாரினார். தங்கையாவின் காலடியை வாரினார். பதிவாளரின் காலடிகளுக்கு ஒரு மணி நேரம் சென்றது, ஆழமானவை. தன் முழங்காலும் கையும் பட்ட இடங்களை வாரினார். கார்த்திகனுடைய நாலு அடிகளை வாரப்போனபோது அன்னபாக்கியம் பிரம்பைப் பிடித்துக்கொண்டார். பேச்சுவார்த்தையின் முடிவில் இரண்டு அடிகளுக்கு விலக்குக் கிடைத்தது. சாருஜாவின் ஐந்தடிக்குக் கிட்ட வந்ததும் சீப்பு தானாக நின்றது. அவற்றைத் தொடவில்லை. இன்றுவரை தொடவில்லை.

சாருஜா இப்போது டோஹாவில். இங்கே இருப்பது அந்த ஐந்து பாதங்கள். வருகிறவர்களிடம் நாகேந்திரம் இப்போது "இது கன்டெம்பரரி" என்று சொல்வதில்லை. "இது எங்கட மகள் நடந்த இடம். பாத்து, மூச்சு விடாதையுங்கோ" என்கிறார். முன்னர் கம்பளத்துக்காக மிதிக்கக்கூடாது; இப்போது காலடிக்காக. மிதிக்கக்கூடாது என்பது மட்டும் மாறவில்லை.

ஐறீன் ஒரு நாள் பார்க்க வந்தாள். ஸ்டூலில் ஏறி ஐந்து பாதங்களையும் பார்த்தாள். "அங்கிள்" என்றாள், "நான் வரைஞ்சதவிட இது வடிவு."

அந்தப் பாராட்டு அவரைக் கெடுத்துவிட்டது. அங்கேயே அடுத்த வேலையைச் சொன்னார். வருகிறவர்கள் கரையில் நிற்கும்போது கால் குளிர்கிறதாம், பாவமாம். அவர்கள் மிதிப்பதற்கென்றே ஒரு கம்பளம் வேண்டுமாம். பதினான்கு அங்குல அகலம், சுற்றிவர. அளவு நாடாவின் மறுமுனையை யார் பிடித்தார் என்று கேட்காதீர்கள்.

மே மாதம் பத்தாம் திகதி அது வந்தது. இந்தமுறை மீன்வாசமில்லை. ஐறீன் உயிரைக் கொடுத்துச் செய்திருந்தாள்: ஈரமணலின் நிறம், அதில் அலை விட்டுப்போன நுரைபோல ஒரு வெள்ளைக் கோடு, ஹோல் முழுவதையும் சுற்றி ஓடி வந்து கதவடியில் முடிந்தது. நாகேந்திரம் விரித்தார். நின்று பார்த்தார். நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம். அலவி வலது காலைத் தூக்கினார்.

"பொறுங்கோ" என்றார் நாகேந்திரம்.

அதன் பிறகு அந்த வீட்டு ஹோலுக்குள் யாரும் போனதில்லை. அவரும் போவதில்லை, படுக்கையறையிலிருந்து குசினிக்குப் பல்கனியால் சுற்றிப் போகிறார், வெளியே போய்வரக் குசினியின் பின்கதவு. நாங்கள் கதவுக்கு வெளியே நின்று கதைக்கிறோம். மாலையில் சாருஜா வீடியோவில் வருவாள். அன்னபாக்கியம் போனை ஒரு தும்புத்தடியில் கட்டி ஹோலுக்குள் நீட்டுவார். "என்ர கால் இருக்கோ அம்மா?" என்பாள் அவள். "இருக்குப் பிள்ளை, இருக்கு." அப்போது நாகேந்திரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கும் முகத்தை நான் எழுதி வைக்கவில்லை. சிலவற்றுக்கு இலக்கமில்லை.

சிரித்துவிட்டீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்தபடி வீட்டைச் சுற்றி ஒரு தரம் பாருங்கள். ரிமோட்டின் பொலித்தீன் உறையைக் கழற்றிவிட்டீர்களா? கண்ணாடி அலுமாரியில் இருக்கும் அந்தப் பூப்போட்ட கோப்பைகளில் கடைசியாக யார் தேநீர் குடித்தார்? பெட்டியின் அடியில் பூச்சியுருண்டையோடு கிடக்கும் சேலையை எந்த நல்ல நாளுக்கு வைத்திருக்கிறீர்கள்? எனக்கு அப்படி ஒன்றுமில்லை. மகன் 2019இல் அனுப்பிய தோல்மட்டைக் கொப்பி ஒன்று மட்டும் இருக்கிறது. தாள் அவ்வளவு நல்ல தாள், ஒரு எழுத்துக்கூட இன்னும் எழுதவில்லை. இதைக்கூடப் பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். வரும்போது கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.